கோவாவும் கண்ணாடி மூடியும்: கண்டி மலைநாட்டிற் சலாதுக் கீரைகளின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

மன்னர்க்கும் போர்க்கும் வரலாறு உண்டு. கீரைக்கும் வரலாறு உண்டோ என வினவுவார் உளர். தேயிலைக்கும் கோப்பிக்கும் இறப்பருக்கும் விரிவான வரலாறுகள் எழுதப்பட்டுள்ள இந்நாட்டில், அவற்றின் அருகே நாற்பது அடி நிலத்தில் வளர்ந்த கோவாவையும் சலாதையும் பற்றி வரலாற்று மாணவர் அதிகம் சிந்தித்தாரல்லர். பொதுவாகக் கூறப்படுவது ஒன்றே. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறி ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முயன்றார். அவர் வழியாகவே ஐரோப்பிய மரக்கறிகள் மலைநாட்டிற் காலூன்றின என்பதே அது. இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஏடன்று, என்னுடைய தோல்வியொன்று. அதனைக் கூறுமுன், அத்தோல்விக்குக் காரணமான பொருளை விளக்குதல் வேண்டும்.

ஐரோப்பாவின் மாரிகாலத்திற் பச்சைக் கீரை கிடைப்பது அரிது. நிலம் உறைந்துவிடும், இலை கருகிவிடும். எனினும் அங்குள்ள தோட்டக்காரர் பனிக்காலத்திலும் சலாது பறிக்கின்றனர். அதற்கு அவர்கள் கையாளும் கருவி மிக எளியது. அடியில்லாத ஒரு பலகைப் பெட்டியை நிலத்தின்மீது வைத்து, அதன் பின்புறம் உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருக்குமாறு அமைத்து, சரிந்த வாய்க்குக் கண்ணாடி மூடி இடுவர். மூடி தென்திசை நோக்கியிருக்கும். நெருப்போ நீராவியோ அதற்கு வேண்டுவதில்லை. பகலிற் கண்ணாடியூடாகப் புகும் ஞாயிற்றின் வெப்பத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும். இரவில் அவ்வெப்பம் மெல்ல மெல்ல வெளியேறிப் பெட்டிக்குள் தங்கும். கடுங்குளிர் இரவுகளில் மூடியின் மேல் வைக்கோற் பாய் விரிப்பர். வெயில் ஏறிய பகலில் மூடியைச் சிறிது தூக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பர். அப்பெட்டி கீரையை வளர்ப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் குறைவாகவே வெளிச்சம் கிடைக்கும் நாட்களிற் கீரை ஏறக்குறைய வளர்வதே இல்லை. இலையுதிர்காலத்தில் வளர்ந்து முடிந்த கீரையைப் பறிக்கும் நாள்வரை வாடாமற் காத்து வைப்பதே பெட்டியின் பணி. அது வயலைப் போன்றதன்று, களஞ்சியத்தைப் போன்றது.

இவ்வெண்ணம் மிகப் பழையது. உரோமப் பேரரசன் திபேரியசு ஆண்டு முழுவதும் வெள்ளரி உண்ண விரும்பியதால், அவனுடைய தோட்டக்காரர் சில்லுள்ள பாத்திகளில் வெள்ளரியை வளர்த்து, குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கற்றகடுகளால் மூடினர் எனப் பிளினி எழுதியுள்ளார். பிற்காலத்திற் பாரிசு நகரத்துத் தோட்டக்காரர் குதிரைச் சாணத்தின் சூட்டையும் மணிவடிவக் கண்ணாடிக் கவிப்புகளையும் கொண்டு மாரியிலும் சலாது விற்றுப் பொருளீட்டினர். ஆயினும் இங்கிலாந்திற் கண்ணாடி நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அதன்மீது விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845இல் நீக்கப்பட்ட பின்னரே கண்ணாடி மலிந்து, நடுத்தரக் குடும்பத்தாரின் தோட்டங்களையும் அடைந்தது. பேக்கர் நுவரெலியாவுக்குப் புறப்பட்டது அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னராகும்.

இனி என் தோல்விக்கு வருகின்றேன். எமது வீடு அக்குறணையில், மாத்தளை வீதியிலிருந்து சற்று உள்ளே, பிங்கா ஓயாவை நோக்கிச் சரியும் நிலத்தில் உள்ளது. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தோட்டக்கலை நூலைப் படித்துவிட்டு, விடுமுறையில் வீடு சென்றபோது, கழற்றி வைக்கப்பட்டிருந்த பழைய யன்னற் கதவொன்றை எடுத்துச் செங்கல் அடுக்கிய பாத்தியின்மேல் மூடிச் சலாது விதை தூவினேன். மலைநாடு குளிர்நாடுதானே என்பது என் எண்ணம். விதைகளுள் மிகச் சிலவே முளைத்தன. முளைத்தவையும் ஒரு நண்பகலிற் கீரை அவித்தது போலத் துவண்டு மண்ணோடு ஒட்டிக்கொண்டன. அதனைப் பார்த்து நின்ற உம்மம்மா, "வெயில்ல கிடக்குற பயிருக்கு இன்னும் வெயிலக் கூட்டி வைக்கிறீங்களே மகன், மறச்சுல்லவா வைக்கணும்" என்றார். பின்னர் தென்னோலைக் கிடுகு ஒன்றை நான்கு கம்புகளின்மேல் அவரே கட்டிவிட்டார்.

அவர் கூறியதில் விஞ்ஞானம் இருந்ததென்பதைப் பின்னரே அறிந்தேன். சலாது விதை ஏறத்தாழ 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் முளையாது உறங்கிவிடும் இயல்புடையது. அக்குறணையும் பேராதனையும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளவை. இங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24 பாகையை ஒட்டியது. நூறு மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். ஆதலின் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 16 பாகையளவிலே நிற்கின்றது. மேலும், ஏழாம் அகலக்கோட்டை ஒட்டிய எம்மிடத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடும் இல்லை. இங்கிலாந்துத் தோட்டக்காரன் பலகையாலும் கண்ணாடியாலும் எந்தக் காலநிலையைச் செய்துகொள்ள முயன்றானோ, அதனை மலையின் உயரமே இந்நாட்டில் இலவசமாகத் தந்தது. ஆகவே மலைநாட்டிற் கீரையின் பகை மாரிக்குளிரன்று. தென்மேற்குப் பருவத்தின் ஓயாத மழை, நண்பகல் வெயில், உயரமான பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்குச் சில இரவுகள் மட்டும் விழும் உறைபனி ஆகியனவே அதன் பகை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

எமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று ரொபட் நொக்ஸ் என்பாரின் நூலாகும். 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட இவர், 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தவர். சிறைக் கைதி எனினும் கிராமங்களிலேயே குடியிருந்தார். தொப்பி பின்னி விற்றார். எலதத்தையில் நிலம் வாங்கி வீடு கட்டித் தோட்டம் செய்தார். எலதத்தை எமது பல்கலைக்கழகத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலில், கண்டி நாட்டிற் கண்ட செடிகொடிகளை விவரிக்குமிடத்து, தம் நாட்டு மரக்கறிகளும் பூண்டுகளும் சில அங்கு உண்டென்கிறார். தலைகட்டாத கோவாக் கீரை, கரட், முள்ளங்கி, பெருஞ்சீரகம், புதினா வகையொன்று, கடுகு முதலியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இவற்றுள் இறுதியிற் கூறிய இரண்டும் தவிர்ந்த ஏனையவை அந்நாட்டிற்கு இயல்பானவையல்ல, வெளியிலிருந்து கொணர்ந்து நடப்பட்டவை என்றும், இதனால் ஏனைய ஐரோப்பியப் பயிர்களும் அங்கு வளரும் எனத் தாம் உணர்வதாகவும் அவர் எழுதுகிறார்.

பேக்கர் கப்பலேறுவதற்கு 167 ஆண்டுகளுக்கு முன் அச்சேறிய சொற்கள் இவை. கண்டி மலைநாட்டில் ஐரோப்பியக் கீரை வளரும் என்னும் 'கண்டுபிடிப்பு' அக்காலத்திலேயே முடிந்துவிட்டது. அதனைக் கண்டவரும் நொக்ஸ் அல்லர். அவர் தம் காலத்திற் கண்டி நாட்டார் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து எழுதியவர் மட்டுமே.

நடப்பட்டவை எனின் யார் நட்டனர்? இங்கேதான் எமது நாவிலுள்ள சொற்கள் சான்று பகர்கின்றன. தமிழ்நாட்டார் முட்டைக்கோசு என்பதை நாம் கோவா என்கின்றோம்; சிங்களவரும் கோவா என்பர். இது போர்த்துக்கேய மொழியின் 'கூவ்' என்னும் சொல்லின் திரிபு. அம்மொழியில் அச்சொல் உருண்டையாகத் தலைகட்டும் கோவாவை மட்டுமன்றி, தண்டில் இலை விரிந்து நிற்கும் கீரை வகையையும் குறிக்கும். போர்த்துக்கேயரின் அன்றாடச் சூப்புக்குரிய கீரை அதுவேயாகும். நொக்ஸ் கூறும் தலைகட்டாத கோவாவும் அதுவே. சொல்லும் செடியும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பது கவனித்தற்குரியது. சலாது என்பதும் போர்த்துக்கேயச் சொல்லே. அடுத்த படையாக ஒல்லாந்தர் சொற்கள் வருகின்றன. போஞ்சி, நோக்கோல் ஆகிய இரண்டும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. சிங்களவர் உருளைக்கிழங்கை அர்த்தாப்பல் என்பதும் அவ்வாறே. கரட், பீட்ரூட், லீக்ஸ் என்பன மூன்றாவது படையாகிய ஆங்கிலச் சொற்கள். மண்ணை அகழ்ந்து படை படையாகக் காலத்தைக் கணிக்கும் தொல்பொருளாய்வாளர் போல, மரக்கறிக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் ஒரு பையைக் கொட்டியே மூன்று ஆட்சிகளைக் கணித்துவிடலாம்.

எனினும் இச்சான்றை அளவுக்கு மீறி நம்புதலும் தகாது. சொல் யார் வழியாக வந்ததென்பதைக் காட்டும். மலை ஏறியது எப்போதென்பதைக் காட்டாது. கரட் என்னும் ஆங்கிலச் சொல்லை வைத்து அக்கிழங்கு ஆங்கிலேயர் காலத்திலேயே வந்ததென முடிவுசெய்தால் நொக்ஸின் கூற்றோடு முரண்படும். அன்றியும், அவருடைய பட்டியலிற் சலாது இல்லை. ஆகவே கோவாக் கீரையும் முள்ளங்கியும் கண்டி நாட்டில் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன எனத் துணிந்து கூறலாம். சலாதைப் பொறுத்தவரை அத்துணிவு பொருந்தாது.

அவை மலை ஏறிய வழி யாது? இரு வழிகளைக் கருதற்கிடமுண்டு. 1656இற் கொழும்பு ஒல்லாந்தர் வசமானபின் கண்டி அரசனிடம் அடைக்கலம் புகுந்து அவன் நாட்டில் வாழ்ந்த போர்த்துக்கேயர் பற்றி நொக்ஸ் எழுதியுள்ளார். தம் சூப்புக்குரிய கீரையின் விதையை அவர்கள் உடன் கொணர்ந்திருக்கலாம். மற்றையது வணிகவழி. கண்டி இராச்சியத்தில் முசிலிம்கள் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர் என்பதும், பொதிமாடுகளுக்குப் பொறுப்பான மடிகே பத்த என்னும் அரச பிரிவில் அவர்கள் சேவை செய்தனர் என்பதும் லோனா தேவராசா முதலிய வரலாற்றாசிரியர்களால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறின. மலையிலிருந்து பாக்கு இறங்கியது. உப்புப் பொதியின் இடுக்கில் ஒரு பிடி முள்ளங்கி விதையும் ஏறியிருக்குமா? அவ்வாறு ஏறியதற்கு எழுத்துச் சான்று காட்ட என்னால் இயலாது. அக்குறணையிற் பிறந்தவன் அவ்வாறு எண்ண விரும்புவதில் வியப்பில்லை என்பதையும் வாசகர் கருத்திற் கொள்வாராக.

1815இற் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டது. 1819இல் நுவரெலியாச் சமவெளியைக் கண்ட யோன் டேவி பின்னர் அதனைப் பற்றி எழுதினார். தேசாதிபதி பாண்சு அதனை ஐரோப்பியர் உடல்நலம் தேறும் இடமாக்கினார். இதற்கிடையில் 1821இல் அலெக்சாண்டர் மூன் பேராதனையில் மகாவலி வளைவில் அரச தாவரவியற் பூங்காவை நிறுவினார். இன்று அரச பனைகளின் நடுவே உலாவும் நாம், அப்பூங்கா தன் தொடக்க காலத்தில் நெடுநாள் மரக்கறித் தோட்டமாகவே பெரிதும் இயங்கியதென்பதை மறந்துவிடுகின்றோம். 1844இற் பொறுப்பேற்ற யோர்ச் காட்னர் அந்நிலையை மாற்றி அதனை ஆராய்ச்சிக்குரிய தோட்டமாக்கினார். தாவரவியலாருக்கு அது ஒரு மீட்சி. ஆனால் இக்கட்டுரையாளனுக்கு, பேக்கர் வருமுன்னரே கண்டிக்கு அருகில் அரச நிலத்தில் மரக்கறி விளைந்துகொண்டிருந்தது என்பதே முக்கியம்.

பேக்கரின் முயற்சியை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். 1847இற் காய்ச்சலுற்று நுவரெலியாவிற் தங்கி உடல் தேறிய அவர், மறு ஆண்டு தம் உறவினரோடும் கொல்லன், பண்ணை மேற்பார்வையாளன் முதலியோரோடும் உயர்சாதி மாடு, செம்மறி, வேட்டைநாய் ஆகியவற்றோடும் வந்திறங்கினார். 1855இல் வெளிவந்த அவருடைய நூல், தம் தோல்விகளை மறைக்காமற் கூறுவதால் இன்றும் படிக்கச் சுவையானது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்சுப் பயிரை மரையும் காட்டுப்பன்றியும் மேய்ந்தன. கால்நடைகள் நோயில் மாண்டன. காடு செழித்திருப்பதால் மண்ணும் செழித்திருக்கும் என எண்ணியது பெரும் பிழை எனவும், எருவிட்டாலன்றி அந்நிலம் எதுவும் தாராது எனவும் அவர் கண்டுகொண்டார். அதே 1855இல் இலங்கையை விட்டுச் சென்றுவிட்டார். குடித்துவிட்டு யானையின் மீதேறி அதனை விரட்டிக் கொன்ற குதிரைக்காரன் பேக்சு என்பவனுக்கு அந்நூலிற் பெயரும் பக்கங்களும் உண்டு. காடு வெட்டியோரும் நிலம் கொத்தியோரும் ஆட்தொகையாகவே வருகின்றனர். வரலாற்று மூலங்களின் இயல்பை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அப்படியாயின் கண்ணாடி மூடி இந்நாட்டுக்கு வரவே இல்லையா? வந்தது, ஆனாற் கீரைக்காக வரவில்லை. இலண்டன் வைத்தியரான நதானியேல் வாட் என்பார், மூடிய கண்ணாடிப் போத்தலொன்றுக்குள் பன்னச் செடி நீருற்றாமலே வளர்ந்ததை 1829இற் கண்டார். இலையிலிருந்து வெளியேறும் நீராவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்புவதனால் அச்செடி பிழைத்தது. இதன் அடிப்படையில் அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டிகள் 1833இல் செடிகளோடு அவுத்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டன. மாதக்கணக்கான கடற்பயணத்தின் பின்னும் செடிகள் பசுமை குன்றாது சென்றடைந்தன. உப்புக்காற்றிலும் குடிநீர்ப் பஞ்சத்திலும் கப்பற்றளத்தில் மடிந்துகொண்டிருந்த செடிகள் அதன்பின் உலகெங்கும் பயணஞ்செய்தன. குளிரிலிருந்து கீரையைக் காத்த மூடி, கடலிலிருந்து வணிகப் பயிரைக் காக்கும் மூடியாயிற்று.

பிரேசிலிலிருந்து கொணரப்பட்ட இறப்பர் விதைகளிற் கியூ தோட்டத்தில் முளைத்த 1,919 நாற்றுகள், 1876ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன; பெரும்பாலானவை உயிரோடு வந்து சேர்ந்தன. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1861இல், காய்ச்சல் மருந்துக்குரிய சிங்கோனாவை வளர்ப்பதற்கென்றே நுவரெலியாவுக்கு அண்மையில் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இக்காலத்துத் தாவரவியல் முழுவதும் தோட்ட முதலாளிகளின் தேவையை நோக்கித் திரும்பியிருந்தது. 1869இற் கோப்பி இலைகளிற் பூஞ்சண நோய் கண்டபின் அத்தேவை இன்னும் கூர்மையடைந்தது. கீரையைப் பற்றிக் கவலைப்பட அரசுக்கு நேரமில்லை. ஏற்றுமதியாகாத பயிருக்குக் கண்ணாடி செலவிடுவார் யார்?

கீரையைக் காத்தது வேறொரு மூடி. தோட்டப்புறத்தில் நாற்றுமேடையைத் தவறணை என்பர். கோப்பிக்கும் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் தவறணை அமைத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர். உயர்த்திய பாத்தியின்மேல் இடுப்பளவு உயரத்திற் கம்பு நட்டு, குறுக்குக் கழி கட்டி, மலைச்சரிவெங்கும் அடர்ந்து கிடக்கும் கெக்கில்லப் பன்னத்தைப் பரப்பிக் கூரையாக்குவர். வெயில் சல்லடையிலிட்டது போல் இறங்கும். மழைத்துளி அடித்து மண்ணைக் கிளறாது. பன்னத்தின் இலை உலர உலர உதிர்வதால், நாற்று வலுப்பெறும் அளவிற்கு வெளிச்சமும் தானாகவே கூடிவரும். தானே படிப்படியாகத் திறக்கும் மூடி அது. ஐரோப்பியத் தோட்டக்காரன் நாள்தோறும் கட்டையை முட்டுக் கொடுத்துச் செய்த வேலையை இங்கு உலர்ந்த இலை செய்தது. ஒன்று வெப்பத்தை உள்ளே பிடிக்கின்றது. மற்றையது வெளியே தடுக்கின்றது. செடிக்கும் அதன் பகைக்கும் இடையில் ஒரு மெல்லிய தட்டு வேண்டும் என்னும் எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

தவறணையிற் கற்ற கையே பங்களாவின் மரக்கறிப் பாத்தியிலும், பின்னர் லயன் காம்பிராவின் பின்புறத் துண்டுநிலத்திலும் உழைத்தது. துரையின் மேசைக்குச் சலாதும் லீக்சும் நாள்தோறும் போக வேண்டும். அவற்றை விளைவித்த தோட்டக்காரர் தம் துண்டுநிலத்திற் கோவாவும் போஞ்சியும் வளர்த்தார். சனவரி, பெப்புருவரி மாதங்களில் வானம் தெளிந்து காற்று ஓய்ந்த இரவுகளில் நுவரெலியாப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும். அன்று விடியுமுன் எழுந்து, சூரியன் இலையைத் தொடுவதற்கு முன் பாத்திகளுக்கு நீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். தாமதித்தால் உறைந்த இலை வெயில் பட்டுக் கருகிவிடும். சிலர் மாலையிலேயே புல்லையும் பன்னத்தையும் மேலே பரப்பி வைப்பர். ஐரோப்பியரின் வைக்கோற் பாய்க்கு இது நேரானது. இதனை எந்நூலிலிருந்து அவர்கள் கற்றனர் என வினவுவது அறியாமை. பேராதனைப் பூங்காவின் எச். எப். மக்மிலன் 1910இல் வெளியிட்ட புகழ்பெற்ற கைந்நூல், தாழ்நிலத்துக்கும் இடைநிலத்துக்கும் உயர்நிலத்துக்கும் ஏற்ற மரக்கறிகளை வகுத்துக் காட்டுகின்றது. அந்நூலின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அது தொகுத்த அறிவிற் பெரும்பகுதி எழுதத் தெரியாத கைகளிற் சோதிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

1885இற் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. அதன்பின் மலைநாட்டு மரக்கறி பங்களா மேசையைத் தாண்டிக் கொழும்புக்கு இறங்கலாயிற்று. விளைச்சல் சந்தைப் பொருளானபோதும் விளைவித்தோர் நிலம் அவர்களுடையதாகவில்லை. லயனின் பின்புறத் துண்டுநிலம் தோட்டத்தின் சொத்து. அதனைப் பயன்படுத்துவது உரிமையன்று, சலுகை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்படலாயினர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரிதும் தீர்ந்தது. மூன்று தலைமுறையாக எருவிட்டுப் பண்படுத்திய பாத்தியை விட்டுக் கப்பலேறிய குடும்பம் அதனை யாரிடம் கையளித்தது, அப்பாத்தியின் மண்ணுக்கு என்ன விலை என்பன எந்த ஆவணத்திலும் பதியப்படும் வினாக்களல்ல. பேக்கர் எட்டாண்டு இருந்து சென்றார். அவர் பெயர் நிலைத்துவிட்டது.

அண்மைக்காலத்தைச் சுருக்கமாகவே கூறலாம். கடந்த சில பத்தாண்டுகளாக நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் ஒளிபுகும் பொலித்தீன் கூடாரங்கள் தோன்றியுள்ளன. சலாதும் குடைமிளகாயும் அவற்றில் வளர்ந்து விடுதிகளுக்கும் பெருங்கடைகளுக்கும் போகின்றன. தொலைவிலிருந்து நோக்கின் அவை ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளைப் போலவே தோன்றும். ஆனாற் பல கூடாரங்களின் பக்கங்களிற் பூச்சிவலை மட்டுமே உண்டு. கூரையின் உச்சியிற் சூடான காற்று வெளியேற இடம் விடப்பட்டிருக்கும். அவை வெப்பத்தைத் தேக்குவதற்கு அமைந்தவையல்ல. மழையைத் தடுப்பதே அவற்றின் முதற் பணி. ஈரம் தங்கிய சலாது இலை ஓரிரு நாட்களில் அழுகத் தொடங்கிவிடும். பன்னக் கூரையின் வேலையைப் பொலித்தீன் ஏற்றுக்கொண்டது எனலாம். செலவு மட்டும் பன்மடங்கு. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது மலைநாட்டு மரக்கறி விவசாயிகள் பட்ட இடர் யாவரும் அறிந்ததே. எருவிட்டாலன்றி அந்நிலம் எதுவும் தாராது என்பதை பேக்கர் 1855இலேயே அச்சிட்டுக் கூறியிருந்தார்.

சலாது என்றால் விடுதி உணவு என்னும் எண்ணம் எம்மிடையே உண்டு. பச்சை இலையை வேகவைக்காது உண்ணும் பழக்கம் ஐரோப்பியர் கற்பித்ததன்று. வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசையும் சம்பல் எமது வீடுகளில் எக்காலமும் உள்ளது. சிங்களவரின் மல்லும் அதற்கு உறவானது. வல்லாரைக்கு மூடியும் வேண்டாம், விதையும் வேண்டாம். பிங்கா ஓயாக் கரையில் வெள்ளம் வடிந்த சேற்றிலும் அது தானாகவே படர்ந்துவிடுகின்றது. கண்டி நாட்டார் கோவாக் கீரையை அன்று எளிதில் ஏற்றுக்கொண்டதற்கு, பல வகை இலையை அரிந்துண்ணும் இவ்வழக்கமே காரணமாயிருக்கலாம். அவர்களுக்கு அது புதிய உணவன்று. பழைய சட்டிக்கு வந்த இன்னோர் இலை.

உம்மம்மா கட்டிய கிடுகின் கீழே இரண்டாம் முறை தூவிய சலாது முளைத்தது. தலைகட்டவில்லை, இலைகள் சற்றுக் கசந்தன, வீட்டார் ஒருமுறை உண்டனர், மறுமுறை கேட்கவில்லை. யன்னற் கதவு வீணாகவில்லை. பின்னேர மழை எப்போது வரும் எனத் தெரியாத நாட்களில், முற்றத்திற் காயப்போட்ட கராம்பின் மேல் அதனைச் சரித்து வைக்கிறார்கள்.